மேடையும் கேலரியும்

கேள்வி: லண்டன் டேட் பிரிட்டன் ஓவியக் கூடத்தில் சிவப்பு கவுன், சிவப்புத் தொப்பியோடு ஒரு மேடைப் பாடகியின் ஓவியம் பார்த்தேன். ராஜா, ராணி, பிரபுக்களை வரைந்த ஊரில் பாட்டுக்காரிக்கு எப்படி இடம் கிடைத்தது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பார்த்தது மின்னி கன்னிங்ஹாமாகத்தான் இருக்கும். வால்டர் சிக்கெர்ட் 1892-ல் வரைந்த படம். லண்டன் கேம்டன் டவுனில் பெட்ஃபோர்டு மியூசிக் ஹால் என்று ஒரு அரங்கம் இருந்தது. பாட்டு, ஆட்டம், கோமாளிக்கூத்து எல்லாம் ஒரே ராத்திரியில் நடக்கும். சாதாரண ஜனங்கள் திரண்டு வருவார்கள். சிக்கெர்ட் அங்கே போய் உட்கார்ந்து துண்டுக் காகிதங்களில் கோட்டோவியம் போட்டுக்கொண்டு வருவார்.

இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. கேட்டி லாரன்ஸ் என்ற பாடகியை அவர் வரைந்து 1888-ல் கண்காட்சியில் வைத்தபோது விமர்சகர்கள் கொதித்தார்கள். அவர் அசரவில்லை. இளமையில் ஹென்றி இர்விங் நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேடம் போட்டவர் அவர். மேடைக்காரர்களைக் கேவலமாக நினைக்கும் புத்தி அவருக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

எனக்கு அவர் படங்களில் மிகவும் பிடித்தது ஒன்றில் பாடகியே கிடையாது. பெட்ஃபோர்டின் மேல் கேலரி மட்டும்தான். தொப்பி போட்ட பையன்கள் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறார்கள். சுற்றிலும் தங்கப்பூச்சு அலங்காரம், பக்கத்தில் பெரிய கண்ணாடி, மற்றதெல்லாம் இருட்டு. மேடை நம் கண்ணில் படவே இல்லை. ஆனால் அந்தப் பையன்கள் கழுத்தை நீட்டியிருக்கும் விதத்திலேயே கீழே யாரோ பாடுவது தெரிந்துவிடுகிறது. லிட்டில் டாட் ஹெதரிங்டன் என்ற சிறுமி, பாடிக்கொண்டே மேல் கேலரியைக் கைகாட்டுவது போலவும் ஒரு படம் வரைந்திருக்கிறார். கலைஞரையும் ரசிகனையும் பிரிக்காமல் பார்த்தவர் அவர். அழகான முகத்தை மட்டும் வரைந்திருந்தால் இன்றைக்கு அதை யார் தேடிப் போகப் போகிறார்கள்?

அப்புறம், முடிந்தால் 1915-ல் அவர் வரைந்த 'பிரைட்டன் பியரோக்கள்' படத்தையும் பாருங்கள். பியரோ என்றால் கோமாளி வேடம் போட்டுப் பாடி ஆடுபவர். கடற்கரை மேடையில் பாட்டு நடக்கிறது. எதிரே சாய்வு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. அது முதல் உலகப் போர்க்காலம்.

கேள்வி: பெண் ஓவியர்கள் யாரும் சினிமா நட்சத்திரங்களை வரையவில்லையா?
– அதே வாசகி

பதில்: பாலின் போட்டி (Pauline Boty) என்ற ஓவியர் வரைந்தாரே! சினிமா, விளம்பரம், பத்திரிகை என்று ஜனங்கள் தினமும் பார்ப்பதையே வரைந்த பிரிட்டிஷ் பாப் கலை என்றதும் எல்லோரும் பீட்டர் பிளேக்கைச் சொல்வார்கள். எல்விஸ் பிரெஸ்லி பத்திரிகையைக் கையில் பிடித்து, ஜீன்ஸ் சட்டை நிறைய பேட்ஜ் குத்திக்கொண்டு 1961-ல் தன்னையே ரசிகனாக வரைந்தாரே, அவர். நல்ல படம்தான். ஆனால் போட்டியையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். மர்லின் மன்றோ 1962 ஆகஸ்ட்டில் இறந்தார். மறு வருடமே போட்டி அவரை வரைந்தார். பச்சை வண்ணப் பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி, அதில் மன்றோ விறுவிறுவென்று நடந்துபோகிறார். கவர்ச்சிப் படமாக அது எனக்குப் படவில்லை. ஒரு பெண்ணை இன்னொரு பெண் ஆசையாகப் பார்த்து, அவள் போனதற்காக வருந்தி வரைந்ததாகவே படுகிறது.

போட்டியும் 1966-ல், 28 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் படங்கள் பல, அண்ணன் பண்ணையில் ஒரு கொட்டகையில் வருடக்கணக்கில் கிடந்தன. 1990-களில்தான் வெளியே எடுத்துக் கண்காட்சியில் வைத்தார்கள். நான் சொன்ன மன்றோ படமும் இப்போது டேட்டிடம்தான் இருக்கிறது.