பெயருக்குள் இரண்டு பொருள்

கேள்வி: ஏற்காடு மலையில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். தன்னறிமுகம் செய்யச் சொன்னால் பெயர், ஊர், வகுப்பு என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் ஒப்பிக்கிறார்கள். சிலேடையையும் சேர்த்து, அனிமேஷன் படமாகச் செய்ய வைக்கலாமா? கணினி இல்லை, என் கைபேசி ஒன்றுதான் இருக்கிறது.
- ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: தாராளமாகச் செய்யலாம். சிலேடையைக் கரும்பலகையில் விளக்குவதைவிடப் படமாக ஓடவிடுவது எளிது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சொல் இரு பொருள் தருவதை, ஓர் உருவம் கண்ணெதிரே இன்னோர் உருவமாக மாறுவதைக் கொண்டே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பாடிய வெண்பாவிலிருந்து தொடங்குங்கள். தோலுரிப்பது இரண்டுக்கும் பொது. தாளில் வெட்டிய பாம்பு சட்டையை உரித்து முடிக்கும்போது உள்ளே வாழைப்பழம் இருந்தால், உரையே வேண்டியதில்லை.

அடுத்து, அவரவர் பெயருக்கும் ஊருக்கும் வாருங்கள். மணி என்ற பெயருக்குள் கோயில் மணியும் நெல்மணியும் கடிகாரம் காட்டும் மணியும் இருக்கின்றன. கதிர் வானத்திலும் உண்டு, வயலிலும் உண்டு. "எங்கள் ஊர் கரடியூர், ஆனால் நான் கரடி விடமாட்டேன்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, கரடி ஒன்று தலையாட்டிவிட்டுக் காட்டுக்குள் போகலாம். பெயரில் எதுவும் அமையாத பிள்ளைக்கு வீட்டுத் தொழில் கைகொடுக்கும்: அப்பா தச்சு வேலை செய்பவரானால், பலகை ஒன்றிலிருந்து பல கைகள் முளைக்கட்டும். சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் இதுவே பிரிமொழிச் சிலேடை என்று அப்போது சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள். இரண்டு பொருளையும் வரைய முடிகிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். தன் பெயரை வைத்து விளையாடும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உண்டு. பட்டப்பெயரால் அழுத பிள்ளைகள் எல்லா வகுப்பறையிலும் இருக்கிறார்கள்; அடுத்தவர் பெயரைத் திரிக்க யாரையும் விடாதீர்கள்.

தாளில் வெட்டிய உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் கைபேசியில் படமெடுத்து, அவற்றை வரிசையாக ஓடவிடுவதுதான் முறை. படம் எடுப்பதற்கு முன் பிள்ளையின் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். பேச்சின் நீளத்துக்கு ஏற்பப் படங்களை எண்ணிக்கொள்ளலாம். ஒரு விநாடிக்கு 12 படங்கள் என்றால் 10 விநாடிக்கு 120 ஆகும். ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை எடுத்தால் 60 அசைவுகளே போதும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அது கட்டுப்படியாகும். இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சட்டத்தைப் போட்டு, அதில் கைபேசியைக் கீழ்நோக்கிக் கட்டிவிடுங்கள். உங்கள் ஊரில் மூடுபனி வந்து வந்து கலைவதால், சன்னல் வெளிச்சத்தை நம்பினால் படம் மின்னி மின்னி ஓடும். ஆகையால் சன்னலைச் சாத்திவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முதல் முறை ஒலியில்லாமல் ஓட்டுங்கள். எந்தச் சொல் என்று வகுப்பு கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் குரலோடு ஓட்டுங்கள்.