இறக்கையிலும் இன்ஜினிலும் ஐஸ்: கேள்வி பதில்

விமானத்தில் ஐஸ் பிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன், பைலட் இல்லை.

கேள்வி: அண்ணா, 35,000 அடியில் மைனஸ் 50 டிகிரி குளிர். அங்கேதானே ஐஸ் அதிகம் பிடிக்கணும்?

இல்லை தம்பி. ஐஸ் பிடிக்கக் குளிர் மட்டும் போதாது, உறையாத தண்ணீரும் வேண்டும். மேகத்தில் இருக்கும் நுண்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் உடனே உறைந்துவிடாது. உறையத் தொடங்க ஒரு தூசியோ ஏதாவது ஒரு பரப்போ தேவை, அது கிடைக்காவிட்டால் மைனஸ் 40 வரைக்கும்கூட தண்ணீராகவே மிதக்கும். அந்த மேகத்துக்குள் விமானம் நுழைந்தால் இறக்கையின் முன்விளிம்பே அந்தப் பரப்பு ஆகிவிடுகிறது. பெரும்பாலும் இது பூஜ்யத்துக்கும் மைனஸ் 20க்கும் நடுவில்தான், அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும். உச்சத்தில் இருப்பவை ஏற்கெனவே உறைந்த துகள்கள், இறக்கையில் பட்டுத் தெறித்துவிடும். ஆனால் அவை வேறு இடத்தில் வேலையைக் காட்டும், கீழே சொல்கிறேன்.

கேள்வி: ஐஸில் வகை உண்டா, எது மோசம்?

சிறு துளியும் கடுங்குளிரும் சேர்ந்தால் பட்ட இடத்திலேயே உறைந்து, காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு வெள்ளையாக நிற்கும். பெரிய துளி, பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலை என்றால் உறைவதற்குள் பின்னால் வழிந்து பரவி, கனமாக, கண்ணுக்குச் சட்டென்று தெரியாமல் படியும். என்னைக் கேட்டால் இதுதான் மோசம். டர்போபிராப் விமானங்கள், அதாவது டர்பைன் இன்ஜினால் ப்ரொப்பெல்லர் சுழலும் விமானங்கள், பலவற்றில் முன்விளிம்பில் ரப்பர் உறை இருக்கும், அதில் காற்றடித்து உப்பவைத்து ஐஸை உடைப்பார்கள். உறையும் தூறலில் பெருந்துளிகள் அந்த ரப்பரையும் தாண்டிப் போய் உறைந்தால் அதை என்ன செய்வது? 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரோஸ்லான் ஊருக்கருகே ஏடிஆர் 72 என்ற டர்போபிராப் விமானம் விழுந்து 68 பேரும் இறந்தது இப்படித்தான். ரப்பருக்குப் பின்னால் வரப்பாகச் சேர்ந்த ஐஸ் காற்றோட்டத்தைக் குலைத்ததில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்) தானாகத் திரும்பி, விமானம் புரண்டுவிட்டது.

கேள்வி: இன்ஜின் உள்ளே அவ்வளவு சூடு, அங்கே ஐஸ் எப்படி சார்?

எரியும் இடம்தான் சூடு, வாசல் சூடில்லையே. காற்றை உறிஞ்சும் வாயில் அழுத்தம் குறையும், வெப்பநிலையும் சில டிகிரி இறங்கும். அதனால்தான் வெளியே 10 டிகிரி இருந்தாலே, மூடுபனியோ மழையோ சேர்ந்தால், பல ஜெட்களில் இன்ஜின் ஆன்டி-ஐஸை, அதாவது வாயைச் சூடாக்கி ஐஸைத் தடுக்கும் அமைப்பை, போடச் சொல்வார்கள். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானத்தில் அதைப் போடவில்லை. அழுத்தம் அளக்கும் முன்குழாய் ஐஸில் அடைபட்டதால், இருப்பதைவிட அதிக உந்துவிசை இருப்பதாக மீட்டர் காட்டியது. இறக்கையிலும் ஐஸ் இருந்தது. ஆற்றுப் பாலத்தில் மோதி, பாலத்தில் இருந்தவர்களோடு சேர்த்து 78 பேர் போனார்கள்.

அப்புறம் அந்த உச்சத்துத் துகள்கள். இடிமேகத்தை ஒட்டிப் பறக்கும்போது அவை காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸருக்குள் போய், அங்குள்ள சூட்டில் பாதி உருகி, ஈரத்தோடு ஸ்டேட்டர்கள் எனும் சுழலாத பிளேடுகளில் ஒட்டும். துகள்கள் வந்துகொண்டே இருந்தால் அந்த உலோகமும் குளிர்ந்து, ஐஸ் வளரும். பிறகு பெயர்ந்து விழுந்து பிளேடை நெளிக்கும், சிலநேரம் இன்ஜினையே அணைத்துவிடும். இறக்கை சுத்தமாக இருக்கும், ரேடாரிலும் இவை லேசாகத்தான் தெரியும். 2013ல் ஒருசில 747-8, 787 விமானங்கள் இடிமேகத்திலிருந்து 50 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும் என்று போயிங் சொன்னது இதனால்தான்.

கேள்வி: பயிற்சி விமானத்தில், 25 டிகிரி வெயிலில் கார்புரேட்டர் ஐஸ் என்கிறார்கள். நிஜமா?

நிஜம். கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம். அங்கே பெட்ரோல் ஆவியாவதும், குறுகிய வழியில் காற்று விரைவதும் சேர்ந்து வெப்பநிலையை 20 டிகிரிக்கு மேலும் இறக்கிவிடும். மேகமே வேண்டாம், ஈரப்பதம் போதும். கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் வசதி) போட்டதும் இன்ஜின் இன்னும் தடுமாறலாம், உருகிய தண்ணீர் உள்ளே போகிறது, அவ்வளவுதான். பயந்து உடனே அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: இறக்கையில் லேசான உறைபனிதான், ஓடும் வேகத்தில் பறந்துவிடாதா?

பறக்காது! உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்துவிடும். முந்தைய பயணத்தில் குளிர்ந்துபோன எரிபொருள் டாங்கில் இருந்தால், வெளியே பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும் இறக்கையின் மேல் தெளிந்த ஐஸ் படியும். 1991 டிசம்பர் 27 அன்று ஸ்டாக்ஹோமில் கிளம்பிய எம்டி-81 என்ற ஜெட் விமானத்தில் அது உடைந்து, வாலருகே இருந்த இரண்டு இன்ஜின்களுக்குள்ளும் போய், இரண்டும் நின்றுவிட்டன. வயலில் இறங்கி மூன்று துண்டானாலும் 129 பேரும் பிழைத்தார்கள். பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள், கையால் தடவித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எரிபொருளுக்குள்ளேயே ஐஸ் வருமா?

வரும். எரிபொருளில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கரைந்திருக்கும். 2008 ஜனவரியில் ஹீத்ரோவில் போயிங் 777 ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்ததற்குக் காரணம், குழாயில் சேர்ந்த ஐஸ் பெயர்ந்து வந்து எரிபொருள் சூடேற்றியின் வாயை அடைத்ததுதான். யாரும் இறக்கவில்லை. அந்தப் பாகத்தை அப்புறம் மாற்றி வடிவமைத்தார்கள்.