மக்கும் பிளாஸ்டிக்கில் ஆராய்ச்சி: எங்கே சேர்வது, என்ன வேலை?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். மக்கும் பிளாஸ்டிக்கில் பிஎச்.டி. செய்ய ஆசை. எங்கே சேரலாம்? முடித்தால் வேலை கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் நேர்முகத்தில் உங்களைத் துருவப்போவது பாலிமரின், அதாவது பிளாஸ்டிக் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின், அடிப்படைப் பாடங்களில்தான். சுற்றுச்சூழல் ஆர்வத்தை யாரும் மார்க் போட்டுப் பார்ப்பதில்லை.

மக்காச்சோள மாவிலிருந்து வரும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற மக்கும் பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொள்வோம். 60 டிகிரியை ஒட்டி அது இளகத் தொடங்கும். சூடான டீயை ஊற்றினால் கப் கோணிக்கொள்ளும். சரி, படிகத்தன்மையைக் கூட்டினால், அதாவது மூலக்கூறுகளை ஒழுங்காக அடுக்கினால், சூடு தாங்கும். ஆனால் படிகப் பகுதி மக்க அதிக நாளாகும். அதுவும் 58 டிகிரி வாக்கில் சூடு நிற்கிற பெரிய உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். கொல்லையில் புதைத்தால் லேசில் போகாது. கடையில் 'மக்கும்' என்று அச்சடித்து விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. இந்த இழுபறியை மூலக்கூறு அளவில் சரிசெய்வதுதான் உங்கள் ஆராய்ச்சியாக இருக்கும். அதற்கு மூலக்கூறு எடையை ஜிபிசி என்ற கருவியில் அளக்கவும், சூடேற்றும்போது பொருள் மாறுவதைக் காட்டும் டிஎஸ்சி வரைபடத்தில் எந்த வளைவு இளகல், எது படிகமாதல், எது உருகல் என்று பிரித்துச் சொல்லவும் தெரிய வேண்டும்.

சேர்வதற்கு முதல் வழி சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. இறுதியாண்டிலேயே எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடி கதவுகளும் திறக்கும். இடம் என்றால் பாலிமருக்குப் பெயர்போனது புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம். சென்னையிலேயே ஐஐடி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாலிமர் துறை, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம், பதப்படுத்தலும் பரிசோதனையும் கற்க நல்ல இடம்.

நிறுவனத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவர் அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரைகளைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதம் போனால் பதில் வராது. பழைய மாணவர்களிடம் பேசி, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

வேலையை மக்கும் பிளாஸ்டிக் கம்பெனிகளில் மட்டும் தேடாதீர்கள். பேக்கேஜிங், பெயின்ட், பசை, டயர் நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளுக்கும் இதே திறமைதான் வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சு வழியே தள்ளும் எக்ஸ்ட்ரூடர் எந்திரத்தை ஓட்டிப் பழகியவருக்கு அங்கே தனி மவுசு; ஆய்வகத்தில் புதுச் சேர்மங்களை உருவாக்கும் தொகுப்பு வேதியியல் மட்டும் செய்தவர்கள் இதில்தான் பின்தங்குகிறார்கள். ஆசிரியப் பணிதான் குறி என்றால், பிஎச்.டி.க்குப் பிறகு வெளிநாட்டில் ஓரிரு ஆண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) செய்வது பெரிதும் உதவும்.

இப்போதைக்கு, கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டைப் பாலிமரில் கேட்டு வாங்குங்கள். உங்கள் கல்லூரியில் கருவி இல்லாவிட்டால், கட்டணத்துக்கு மாதிரியைச் சோதித்துத் தரும் பல்கலைக்கழக மையங்கள் உண்டு.