சுவர் தேய்த்த அறையிலேயே சைக்கிள் மிதிக்கலாமா?

கேள்வி: வயது 43, இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். 1930களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கி, ஆள் கூலியை மிச்சப்படுத்த வால்பேப்பர் உரிப்பது, பழைய பெயிண்டைத் தேய்ப்பது எல்லாம் வார இறுதிகளில் நானே செய்கிறேன். சுத்தமாகப் பிடிக்காத வேலை. மே மாதம் 100 மைல் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வெளியே குளிரும் இருட்டும், அதனால் வேலை நடக்கும் அதே பின்னறையில் டர்போ டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கி) சைக்கிளை மாட்டி வாரம் நான்கு நாள் மிதிக்கிறேன். ஒரு மாதமாக வறட்டு இருமல். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. காலையில் எழவே முடியவில்லை. பயிற்சி அதிகமாகிவிட்டதா?

பதில்: பயிற்சியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் சைக்கிளை அந்த அறையிலிருந்து வெளியே எடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் காற்றை இழுக்கிறோம். மூச்சிரைக்க மிதிக்கும்போது அது 100 லிட்டரைக்கூடத் தாண்டும், அதுவும் வாய் வழியாக, மூக்கு வடிகட்டாமல். தேய்த்த நுண்தூசி கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். போதாததற்கு வியர்வைக்காக எதிரில் வைக்கும் ஃபேன், தரையில் படிந்ததையும் கிளப்பி முகத்தில் அடிக்கும்.

சாதாரணத் தூசி என்றால் இருமலோடு போய்விடும். உங்கள் வீட்டின் வயதுதான் எனக்கு உறுத்துகிறது. 1960களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வீடுகளின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதை உலர்வாகத் தேய்ப்பதும் சூடாக்கி உரிப்பதும் கூடாது. பரிசோதனை கிட் கடையில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. இதுவரை தேய்த்ததில் ஈயம் இருந்தது தெரியவந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும். அப்புறம் கூரையில் சொரசொரப்பான ஆர்டெக்ஸ் பூச்சு இருந்தால் கைவைக்காதீர்கள், 1980களின் நடுப்பகுதிவரை அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். வீடு 1930களுடையது என்றாலும் பூச்சு பின்னால் வந்திருக்கலாம். மாதிரியை ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் மற்றது. அந்த வேலைக்கு மட்டும் கூலியை மிச்சம் பிடிக்க வேண்டாம். மீதி வேலைக்கு நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 ரக முகக்கவசம் போடுங்கள், தாடி இருந்தால் ஓரத்தில் கசியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இருமல் மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டதால் எப்படியும் ஜிபியை, அதாவது உங்கள் குடும்ப மருத்துவரை, பார்க்க வேண்டும். மிதித்து முடித்த ஐந்து, பத்து நிமிடத்தில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள், ஆஸ்துமா பக்கம் பார்க்க அது உதவும். சளியில் ரத்தம், நெஞ்சுவலி, காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் காத்திருக்காதீர்கள்.

விரல் மரத்துப்போவது வேறு கதை. சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் அவற்றுக்குப் போகும் அல்நார் நரம்பு, ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் ஓரத்தை அழுத்தி மிதிக்கிறவர்களுக்கு வழக்கமாக வருவது. வெளியே ஓட்டும்போது மேடு பள்ளத்தில் கை தானாக இடம் மாறும், டர்போவில் ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கும். சுவர் தேய்க்கும் இயந்திரமான அதிரும் சாண்டரை மூன்று மணி நேரம் இறுக்கிப் பிடித்த கை என்றால் கேட்கவே வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிடியை மாற்றுங்கள், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் மட்டப்படுத்துங்கள், சாண்டர் பிடித்த அன்று சைக்கிள் வேண்டாம். பிடியில் பலம் குறைந்தாலோ, விரல்கள் குளிரில் வெளுத்தாலோ ஜிபியிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். நான் ஒரு டிசம்பரில் குளியலறை டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அன்று மாலையே 'இன்று ஓய்வு நாள்தானே' என்று கடுமையாக மிதித்து, மூன்று நாள் படுத்துக் கிடந்தவன். சைக்கிளில் ஏறவில்லை என்பதால் அது ஓய்வாகிவிடாது. சனிக்கிழமை ஆறு மணி நேரம் ஏணியில் ஏறி இறங்கியதையும் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மே வரை நேரம் இருக்கிறது. வாரம் நான்கு நாளை மூன்றாகக் குறையுங்கள். அதில் ஒரே ஒரு கடுமையான பயிற்சி, அதைப் புதன் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டும் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில் போதும். ஞாயிறு பகலில் வெயில் தெரிந்தால் சாண்டரைப் போட்டுவிட்டு வெளியே ஓட்டுங்கள், சுவர் ஓடிப்போகாது. பிடிக்காத வேலையை நாள் முழுக்க இழுக்காமல் இரண்டு மணி நேரமாக வெட்டிக்கொண்டால் மனமும் அவ்வளவு முரண்டு பிடிக்காது. எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் அன்று சைக்கிளும் வேண்டாம், சுவர் வேலையும் வேண்டாம்.

நம் நிறத்துக்கு அந்த ஊர் குளிர்கால வெயில் போதாது, தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்தில் களைப்பு தீராவிட்டால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.