பழைய மின்சாரக் கோல்ஃப் வண்டியைத் தோட்ட வேலைக்கு வாங்கலாமா?

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் சத்தமின்றிப் போவதற்காக மாற்றியமைக்கும் பழைய மின்சாரக் கோல்ஃப் வண்டியை, யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காய மூட்டை ஏற்ற வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் விலை பேசுமுன் இருக்கையைத் தூக்கிப் பற்றறிகளைப் பாருங்கள், ஏனெனில் பெருஞ்செலவு வைப்பவை அவைதான். 8 வோல்ற் ஈயப் பற்றறிகள் ஆறு பூட்டிய 48 வோல்ற் வண்டி, முழுதாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய விட்டபின் ஏறத்தாழ 51 வோல்ற் காட்ட வேண்டும். பிறகு பாரமேற்றி ஓட்டி, நிறுத்தியதும் ஒவ்வொரு பற்றறியையும் தனித்தனியே அளக்கும்போது ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால், அது முடிந்த பற்றறி. முன்னைய உரிமையாளர் பற்றறிகளுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினார் என்றும் கேளுங்கள். எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பு கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாளும் பார்க்கிறோம், பற்றறிக்கோ காய்ச்சி வடித்த நீரே உரியது. பெரிய ரயர் பூட்டினால் இழுவை குறைந்து மோட்டர் சூடேறும் என்பதால் அதை விட்டுவிடுங்கள்; மூட்டை ஏற்றுவதற்குப் பின்பக்க வில்லுத் தகடுகளைப் பலப்படுத்துவதே முதல் வேலை.