ஐபீஸ், பார்லோ, ஃபில்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பல்லடத்திலிருந்து: அண்ணா, 114/900 ரிஃப்ளெக்டர் (114 மி.மீ ஆடி, 900 மி.மீ குவிய நீளமுள்ள டெலஸ்கோப்) வாங்கியிருக்கேனுங்க. கூடவே 25, 10 மி.மீ ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) வந்தது. 4 மி.மீ ஐபீஸும் 3 மடங்கு பார்லோவும் (உருப்பெருக்கத்தைக் கூட்டுகிற இடை லென்ஸ்) சேர்த்து வாங்கினா 675 மடங்கு தெரியும்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமுங்களா?

வேண்டாமுங்க. கணக்கு என்னவோ சரிதான்: குவிய நீளம் 900ஐ ஐபீஸின் 4ஆல் வகுத்தால் 225, அதை மூன்றால் பெருக்கினால் 675. ஆனால் 114 மி.மீ ஆடி தாங்குவது மி.மீட்டருக்கு இரண்டு மடங்கு வீதம் 228 வரைதான். அதையும் பெரும்பாலான ராத்திரிகளில் காற்று விடாது. 150ஐத் தாண்டினாலே வியாழன் தண்ணீருக்கடியில் கிடக்கிற காசு மாதிரி நெளியும். 675இல் உருவம் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒன்றும் தெரியாது.

ஐபீஸ் வாங்குமுன் பார்க்க வேண்டியது, அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். ஐபீஸின் மி.மீட்டரை டெலஸ்கோப்பின் f எண்ணால் (குவிய நீளத்தை ஆடி விட்டத்தால் வகுத்தது) வகுத்தால் அது கிடைக்கும். உங்களுடையது f/7.9. 25 மி.மீ ஐபீஸுக்கு 3.2 மி.மீ கற்றை, 10க்கு 1.3. நெபுலா (விண்வெளி வாயு மேகம்), விண்மீன் கொத்துகளுக்கு 3 முதல் 5 வரை நல்லது, கோள்களுக்கு 0.7 முதல் 1 வரை. கடைக்காரர் சொன்ன ஜோடியில் இது வெறும் 0.17! அந்த அளவில் படம் மங்கிப்போய், உங்கள் கண்ணுக்குள்ளேயே மிதக்கிற தூசி நிழல்தான் நன்றாகத் தெரியும்.

உங்களிடம் இல்லாதவை இரண்டு: 32 மி.மீ ப்ளாசல் வகை ஐபீஸ் (28 மடங்கு), 6 மி.மீ (150 மடங்கு). முதலில் 32ஐ வாங்குங்க. எதையும் தேடிப் பிடிக்க அதுதான் உதவும். ஐபீஸ் நுழைகிற குழல் விட்டம் 1.25 அங்குலமா என்று அளந்து பாருங்க. பழைய சின்ன டெலஸ்கோப்புகளில் 24.5 மி.மீ இருக்கும், மாறிப்போனால் நுழையாது.

ஈரோட்டிலிருந்து: கண்ணாடி போட்டுட்டுப் பார்த்தா ஓரமெல்லாம் தெரிய மாட்டேங்குது. என்ன பண்றதுங்க?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகம் என்றால் கண்ணாடி வேண்டும்; அப்போது ஐ ரிலீஃப் (ஐபீஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) 15 மி.மீக்கு மேல் உள்ள ஐபீஸாகப் பாருங்க. ப்ளாசலில் ஐ ரிலீஃப் குவிய நீளத்தில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். 10 மி.மீ ப்ளாசலில் 7 மி.மீ, இமை உரசும்.

சிங்காநல்லூரிலிருந்து: தெருவிளக்கு வெளிச்சத்தை வெட்டுற ஃபில்டர்னு விற்கறாங்க. பிரயோஜனம் உண்டுங்களா அண்ணா?

பழைய மஞ்சள் சோடியம் விளக்கு சில அலைநீளங்களில் மட்டும் எரியும், அதனால் வெட்ட முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் எரிகிறது. சாதா ஃபில்டர் நட்சத்திரத்தையும் சேர்த்து மங்க வைக்கும். ஓரியன் நெபுலா போன்றவற்றுக்கு யு.எச்.சி. வகை (நெபுலாவின் ஒளியை மட்டும் விடுகிற ஃபில்டர்) வேலை செய்யும், காலக்சிக்குச் செய்யாது. ஃபில்டருக்குப் போடுகிற காசை ஆனைமலை அடிவாரத்துக்குப் போக பெட்ரோலுக்குப் போடுங்க.

இன்னொன்று: ஐபீஸில் திருகுகிற பச்சைக் கண்ணாடி 'சன் ஃபில்டர்' பெட்டியோடு வந்திருந்தால், சுத்தியலால் உடைத்துப் போட்டுடுங்க. வெயில் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சூட்டில் வெடிக்கும், கண் போகும். சூரியனுக்கான ஃபில்டர் டெலஸ்கோப்பின் முகப்பில்தான் இருக்கணும், ஃபைண்டரையும் (குறி பார்க்கிற சின்னக் குழல்) மூடணும்.

பொள்ளாச்சியிலிருந்து: மார்கழில பத்து மணிக்கெல்லாம் பனி இறங்கி லென்ஸ் மூடிக்குது. துணியில துடைக்கலாமுங்களா? பழைய ஐபீஸ்ல நூல் நூலாப் பூஞ்சையும் புடிச்சிருக்கு.

துடைக்கவே கூடாது. ஈரத்தோடு தூசியும் சேர்ந்து பூச்சைக் கீறும். வராமல் தடுப்பதுதான் வழி. லென்ஸ் டெலஸ்கோப் என்றால் கறுப்பு யோகா பாயை வெட்டி, முகப்பு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் குழலாகச் சுற்றி மாட்டுங்க. ரிஃப்ளெக்டரில் முதலில் பனிப்பது ஐபீஸும் ரெட் டாட் ஃபைண்டரும். பார்க்காத ஐபீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் உடம்புச் சூட்டில் பனிக்காது.

வீட்டுக்குள் வந்ததும் ஈரத்தோடு பெட்டியில் மூடிவிடுவதால்தான் பூஞ்சை பிடிக்கிறது. மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைங்க. ஜெல் நிறம் மாறினால் ஓவனில் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கு, சமையல் ஓவன் பக்கம் கொண்டுபோகாதீங்க. பிடித்த பூஞ்சை மேற்பரப்பில் இருந்தால் முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கலாம். உள்ளே ஓடியிருந்தால் அந்த ஐபீஸை மற்றவற்றோடு வைக்காதீங்க.

தாராபுரத்திலிருந்து: டெலஸ்கோப் இல்லாம பைனாகுலர் மட்டும் வாங்கினா எதுங்க நல்லது?

10x50 (10 மடங்கு, 50 மி.மீ முகப்பு லென்ஸ்). 20 மடங்கு, ஜூம் என்று எழுதியதைத் தொடாதீங்க, கை ஆட்டத்தில் ஒன்றும் நிற்காது. கடையிலேயே கையை நீட்டிப் பிடித்து வெளிச்சம் பக்கம் காட்டி, ஐபீஸில் தெரியும் ஒளி வட்டத்தைப் பாருங்க. முழு வட்டமாக இருந்தால் நல்ல ப்ரிஸம். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் மட்டம். நடு மடிப்பின் முன்னால் உள்ள மூடியைக் கழற்றினால் மரை இருக்கும்; எல் வடிவத் தாங்கி வாங்கி ட்ரைபாடில் ஏற்றுங்க. ஆடிக்காற்றில் ட்ரைபாட் கால்களை நீட்டாமல், உட்கார்ந்து பாருங்க. நடுக்கொக்கியில் மணல் பை தொங்கவிட்டால் ஆட்டம் குறையும்.

மே மாதம் இரவு பத்து மணிவாக்கில் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து முப்பது டிகிரி உயரத்தில் பைனாகுலரில் தேடினால் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து பஞ்சு உருண்டையாகத் தெரியும். ஐரோப்பாவில் பெரும்பகுதிக்கு இது அடிவானத்துக்கு மேலேயே வராது.

சூலூரிலிருந்து: பச்சை லேசர் வாங்கி நட்சத்திரம் காட்டலாமுங்களா?

அங்கே விமானப்படைத் தளம், பக்கத்திலேயே பீளமேடு விமான நிலையம். விமானியின் கண்ணில் பட்டால் விபரீதம். விரலால் காட்டுங்க தம்பி, போதும்.