பூச்சி மாத்திரை கொடுத்தும் அரிப்பு நிற்கவில்லையே?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு நாலு வயது. அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தான். இப்போது மறுபடியும் ராத்திரியில் பின்பக்கம் சொறிந்துகொண்டு அழுகிறான். அதிரசமும் சீயமும் தின்றதால்தான் என்று அவனுடைய அப்பத்தா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

வேண்டாம். விளக்கெண்ணெய் கொடுத்தால் பேதியாகும், பிள்ளை துவண்டுபோவான், பூச்சி போகாது. அதிரசத்தின் மேலும் பழி போடாதீர்கள். முட்டை வாய்க்குள் போனால்தான் இந்தப் பூச்சி வரும்.

ராத்திரி அரிப்பு என்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சிதான். வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். பிள்ளை தூங்கியபின் பெண் பூச்சி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அவன் சொறிவான், முட்டை நகத்தில் ஏறும், நகம் வாய்க்குப் போகும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டை தொற்றத் தயாராகிவிடும்.

அங்கன்வாடியில் கொடுப்பது அல்பெண்டசோல். நல்ல மருந்து. ஆனால் பூச்சியைக் கொல்லுமே தவிர, முட்டையை அழிக்கும் என்று நம்ப முடியாது. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் அந்தத் திட்டம் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு போல மண்ணிலிருந்து வருபவற்றைக் குறிவைத்தது. அதற்கு ஒரு வேளை போதும். கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை கட்டாயம். 2 வயதுக்கு மேல் 400 மி.கி., 1 முதல் 2 வயது வரை 200 மி.கி. மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள், முழுதாக விழுங்க வைக்காதீர்கள்.

அவனுக்கு மட்டும் கொடுத்தால் ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு திரும்புவீர்கள். வளவில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கும் பிள்ளைகள், நீங்கள், அப்பத்தா, எல்லோரும் முதல் வேளையை ஒரே நாளில் சாப்பிட வேண்டும்; இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளையையும் அப்படியே. கர்ப்பிணிகள், ஒரு வயது நிரம்பாத குழந்தைகள், எப்போதாவது வலிப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. காய்ச்சல் இருந்தால் தணியட்டும். லேசான வயிற்றுவலி, குமட்டல் வந்தால் பயப்பட வேண்டாம்.

மாத்திரை கொடுத்த மறுநாள் காலையில் எழுந்ததும் குளிப்பாட்டி, ஜட்டியை மாற்றி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இந்தச் சுத்தம்தான் அப்புறம் கைகொடுக்கும்.

இரண்டாவது வேளைக்குப் பிறகும் அரிப்பு இருந்தால், காலையில் கழுவுவதற்கு முன்பு ஆசனவாய்த் தோலில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து லேபில் கொடுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் கீரிப்பூச்சி பெரும்பாலும் தப்பிவிடும்.